ஹவானாவிலிருந்து வந்த தாளிப்பு

1938 மே மாதம். வாஷிங்டனில் அமெரிக்க காங்கிரஸ் நூலகத்துக்குள் ஒரு சின்ன இசையரங்கம். செவ்வியல் கச்சேரிகளுக்காகக் கட்டிய மேடை அது. அன்று அங்கே பியானோவுக்கு முன் வந்து உட்கார்ந்தவர், அதே ஊரில் ஓர் இரவு விடுதியில் வாசித்துப் பிழைத்துக்கொண்டிருந்தவர். முன்பல்லில் வைரம் பதித்த மனிதர். பெயர் ஜெல்லி ரோல் மார்ட்டன். பக்கத்தில் ஒலிப்பதிவுக் கருவியோடு இருந்த ஆலன் லோமாக்ஸுக்கு வயது 23.

மார்ட்டன் கோபத்தில் இருந்தார். சில வாரங்களுக்கு முன்புதான் ஒரு வானொலி நிகழ்ச்சி, ஜாஸையும் புளூஸையும் தோற்றுவித்தவர் என்று டபிள்யூ. சி. ஹாண்டியை அறிமுகப்படுத்தியிருந்தது. மார்ட்டனுக்குப் பொறுக்கவில்லை. 1902இலேயே ஜாஸைக் கண்டுபிடித்தது தான்தான் என்று நிகழ்ச்சி நடத்தியவருக்கு நீளமாகக் கடிதம் எழுதினார். அவர் பிறந்தது 1890 என்ற பொதுவான கணக்கை ஏற்றுக்கொண்டால், அந்த 1902இல் அவர் பன்னிரண்டு வயதுப் பையன்.

தற்பெருமையில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால் அந்த அரங்கில் எட்டு மணி நேரத்துக்கும் மேலாக அவர் வாசித்தும் பேசியும் விட்டுப்போனதில் ஒரு விஷயம் பெருமைக்காகச் சொன்னதில்லை. 'லா பலோமா' என்ற பழைய மெட்டை முதலில் இருக்கிறபடியே வாசித்தார். பிறகு இடது கையில் தாளத்தை அப்படியே ஓடவிட்டு, வலது கையை மட்டும் நியூ ஆர்லியன்ஸ் பக்கம் திருப்பினார். இந்த ஸ்பானியச் சாயலைச் சேர்க்கத் தெரியாவிட்டால் ஜாஸுக்குச் சரியான ருசி வராது என்பது அவர் சொன்னதன் சாரம். சமையல் உவமை அவருடையதேதான். நம் பாஷையில் சொன்னால், தாளிப்பு.

'லா பலோமா'வை எழுதியவர் செபாஸ்தியான் இராதியேர் என்ற ஸ்பெயின்காரர். கியூபாவுக்குப் போய்வந்த பிறகு எழுதியது. ஆக, ஸ்பானியம் என்று மார்ட்டன் சொன்னது உண்மையில் கியூபா.

ஜாஸின் வரலாற்றை எடுத்தால் எல்லாப் புத்தகத்திலும் ஒரு ரயில் வரும். நியூ ஆர்லியன்ஸில் பிறந்தது, ரயிலேறி சிகாகோ போனது, அங்கிருந்து நியூயார்க்கில் இறங்கியது. 1922இல் டிரம்பெட் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங் அப்படித்தான் சிகாகோ போனார். அதில் பொய் இல்லை. ஆனால் நியூ ஆர்லியன்ஸ் ரயில் நிலையமாகப் பிறந்த ஊர் இல்லை. அது துறைமுகம். அங்கிருந்து நியூயார்க்கைவிட ஹவானா பக்கம். ரயில் கதை தெற்கிலிருந்து வடக்கே போகிறது. அதற்கும் தெற்கே, கடலில் வந்துபோன கப்பல்களின் கதையை அது சொல்வதில்லை. ஜாஸின் பாதி சங்கதி அந்தக் கப்பல்களில் இருக்கிறது.

நியூ ஆர்லியன்ஸ் 1718இல் பிரெஞ்சுக்காரர்கள் நிறுவிய ஊர். பிறகு ஏறத்தாழ நாற்பது ஆண்டு ஸ்பெயினிடம் இருந்தது. அப்போது அதன் மேலதிகாரம் ஹவானாவில். அமெரிக்கா அதை விலைக்கு வாங்கியது 1803இல்தான். அதற்குள் ஹைட்டியில் அடிமைகளின் புரட்சி வெடித்திருந்தது. அங்கிருந்து தப்பியவர்களில் ஆயிரக்கணக்கானோர் கியூபாவில் குடியேறினார்கள். 1808இல் நெப்போலியன் ஸ்பெயினுக்குள் புகுந்ததும், ஸ்பெயினின் கையிலிருந்த கியூபா தன் மண்ணிலிருந்த பிரெஞ்சுக்காரர்களை வெளியேற்றியது. 1809இல் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கப்பல் கப்பலாக நியூ ஆர்லியன்ஸில் வந்து இறங்கினார்கள். வெள்ளையர், சுதந்திரமான கலப்பினத்தவர், அடிமைகள் என்று ஏறக்குறைய மூன்று சம பங்கு. ஊரின் மக்கள்தொகை கிட்டத்தட்ட இரட்டிப்பானது. எங்கேயோ ஐரோப்பாவில் நடந்த சண்டை, கரீபியனின் தாளத்தை ஒரே மூச்சில் மிசிசிப்பிக் கரையில் கொண்டுவந்து கொட்டிவிட்டது.

அந்த ஊரில் காங்கோ சதுக்கம் என்று ஒரு திடல். ஞாயிற்றுக்கிழமைகளில் அடிமைகள் கூடி ஆட, கொட்ட, சந்தை போட அனுமதிக்கப்பட்ட இடம். 1819இல் அந்த வழியாகப் போன கட்டடக் கலைஞர் பெஞ்சமின் லாட்ரோப் சத்தம் கேட்டு நின்று பார்த்திருக்கிறார். ஐந்நூறு அறுநூறு பேர் வட்டம் வட்டமாக நிற்கிறார்கள். அவருக்கு அந்தப் பாட்டு பிடிக்கவில்லை, முரட்டுத்தனம் என்று முகம் சுளித்திருக்கிறார். ஆனாலும் கட்டடக் கலைஞர் இல்லையா, வாத்தியங்களை மட்டும் நோட்டில் கவனமாக வரைந்துகொண்டார். சுரைக்குடுக்கையில் செய்த நரம்பு வாத்தியம் ஒன்று. அதன் உச்சியில் உட்கார்ந்த நிலையில் ஒரு மனித உருவம். அமெரிக்க மண்ணில் ஆப்பிரிக்க இசைக்குக் கிடைத்திருக்கும் மிக மதிப்புள்ள சாட்சியங்களில் ஒன்று, அந்த இசையே பிடிக்காத ஒருவரின் நோட்டுப் புத்தகம்.

சரி, கப்பலில் வந்த அந்தத் தாளம்தான் என்ன? விளக்குவதற்குத் தமிழ் வாசகரிடம் அதிகம் பேச வேண்டியதில்லை. எட்டு மாத்திரையை நான்கு நான்காகப் பிரிக்காமல் மூன்று, மூன்று, இரண்டு என்று பிரிக்க வேண்டும். தகிட தகிட தக. ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்திலும் ஒரு தட்டு. கியூபாவில் இதன் பெயர் டிரெசியோ. இதன் நடுவில் இன்னொரு தட்டைச் சேர்த்தால் ஹபனேரா. பெயரிலேயே ஹவானா இருக்கிறது.

ஹபனேராவின் வம்சாவளியைக் கேட்டால் சிரிப்பு வரும். இங்கிலாந்துக் கிராமங்களில் ஆடிய 'கன்ட்ரி டான்ஸ்' பிரான்சுக்குப் போய் 'கோன்த்ரதான்ஸ்' ஆனது. அதை பிரெஞ்சு எஜமானர்கள் ஹைட்டிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே வாசிக்கும் கைகள் ஆப்பிரிக்கக் கைகளாக இருந்ததால் இடது கை வேறு மாதிரி நடக்க ஆரம்பித்தது. கியூபாவில் 'கோன்த்ரதான்சா' ஆகி, ஹவானாவின் பெயரைச் சூட்டிக்கொண்டு, கடைசியில் மறுபடி ஐரோப்பாவுக்கே போய் பாரிஸில் 'கார்மென்' ஓபராவின் புகழ்பெற்ற பாட்டில் ஏறி உட்கார்ந்தது. இங்கிலாந்துக் கிராமத்தான் கேட்டிருந்தால் தன் பிள்ளை என்று அடையாளம் கண்டிருக்க மாட்டான்.

மார்ட்டன் பிறப்பதற்கு நாற்பது ஆண்டு முன்பே இதையெல்லாம் பியானோவில் எழுதிவைத்த ஒருவர் இருந்தார். லூயி மொரோ காட்சாக். 1829இல் நியூ ஆர்லியன்ஸில் பிறந்தவர். தாய்வழிக் குடும்பம் ஹைட்டியிலிருந்து வந்தது. பதின்ம வயதில் பாரிஸுக்குப் போனார். அங்கே 'பம்பூலா' என்ற பியானோப் படைப்பை எழுதிப் பெயர் வாங்கினார். பம்பூலா என்பது காங்கோ சதுக்கத்தோடு சேர்த்துப் பேசப்படும் ஆட்டத்தின் பெயர். பிறகு ஆண்டுக்கணக்கில் கரீபியன் தீவுகளில் சுற்றினார், கச்சேரி செய்தார், காதலித்தார், கடன்பட்டார். ஹவானாவில் நூற்றுக்கணக்கான வாத்தியக்காரர்களைத் திரட்டி ஒரே மேடையில் ஏற்றினார். அங்கே அவர் நிகழ்த்திய சிம்பொனிக்குக் கியூபாவின் கறுப்பினத் தாளக்காரர்களையும் சேர்த்துக்கொண்டார். சிம்பொனி மேடையில் ஆப்பிரிக்கப் பறைகள், அதுவும் கியூபாவில் அடிமை முறை இன்னும் சட்டமாக இருந்தபோது. 1869 நவம்பரில் ரியோ டி ஜெனிரோவில் மேடையிலேயே மயங்கி விழுந்தார். அடுத்த மாதம் இறந்துபோனார். வயது நாற்பது. நியூ ஆர்லியன்ஸ், ஹவானா, ரியோ. அவருடைய வாழ்க்கையே இந்தக் கதையின் வரைபடம். ஜாஸ் புத்தகங்கள் பெரும்பாலும் அவருக்கு ஒரு பத்தி ஒதுக்குவதோடு சரி.

மெக்சிகோவையும் மறந்துவிட முடியாது. 1884–85இல் நியூ ஆர்லியன்ஸில் நடந்த உலகப் பருத்திக் கண்காட்சிக்கு மெக்சிகோவின் குதிரைப்படை வாத்தியக்குழு வந்து மாதக்கணக்கில் வாசித்தது. ஊரே பித்துப் பிடித்து அவர்களுடைய இசை நோட்டுகளை வாங்கியது. மெக்சிகோவிலிருந்து வந்து சேர்ந்த தியோ குடும்பத்தின் வாரிசு லொரென்சோ தியோவிடம் கிளாரினெட் படித்தவர்களில், பின்னாளில் ஜாஸ் மேதையான சிட்னி பெஷேயும் ஒருவர்.

மார்ட்டனின் எதிரி ஹாண்டிக்கு வருவோம். அவர் 1900இலேயே ஒரு நாடகக் குழுவோடு கியூபா போய்வந்தவர். பின்னாளில் மெம்ஃபிஸில் வாசிக்கும்போது, ஹபனேரா தாளம் வந்ததும் ஆடிக்கொண்டிருந்த கறுப்பின மக்களின் உடலே மாறுவதைக் கவனித்தார். அந்தத் தாளம் அவர்களுக்கு அந்நியமில்லை என்று புரிந்துகொண்டார். 1914இல் 'செயின்ட் லூயிஸ் புளூஸ்' எழுதியபோது நடுவில் ஒரு பகுதியை அப்படியே ஹபனேராவில் அமைத்தார். உலகத்திலேயே அதிகம் பதிவான புளூஸ் பாடல்களில் ஒன்றின் வயிற்றுக்குள் ஹவானா இருக்கிறது. ஜாஸ் யாருடையது என்று இரண்டு பேரும் முட்டிக்கொண்டார்களே, தாளிப்பு எந்தக் கடையில் வாங்கியது என்பதில் அவர்களுக்குள் சண்டையே இல்லை.

இருபதாம் நூற்றாண்டு தொடங்கியதும் ஆட்களும் வர ஆரம்பித்தார்கள். பனாமாவில் லூயிஸ் ரஸ்ஸல் என்ற பியானோக்காரருக்கு லாட்டரியில் 3,000 டாலர் விழுந்தது. அந்தப் பணத்தில் 1919இல் நியூ ஆர்லியன்ஸுக்குக் கிளம்பிவந்தார். பின்னால் அவருடைய குழுதான் ஆம்ஸ்ட்ராங்குக்கே பக்கவாத்தியம் ஆனது. முதல் உலகப் போருக்குக் கறுப்பினப் படைப்பிரிவு ஒன்றின் வாத்தியக்குழுவைத் திரட்டிய ஜேம்ஸ் ரீஸ் யூரோப், நல்ல ஆள் வேண்டுமென்று 1917இல் புவேர்ட்டோ ரிக்கோவுக்கே போய்ப் பத்துக்கும் மேற்பட்டவர்களைப் பிடித்துவந்தார். அவர்களில் ஒருவர், பின்னாளில் லத்தீன் அமெரிக்காவே பாடிய பாடல்களை எழுதிய ரஃபேல் எர்னாண்டஸ். ஜாஸ் குழுத் தலைவர் டியூக் எல்லிங்டனின் அடையாளம் போல் ஆகிவிட்ட 'கேரவன்' மெட்டு முளைத்ததும் ஒரு புவேர்ட்டோ ரிக்கோக்காரரிடமிருந்துதான்: டிராம்போன் வாசித்த ஹுவான் தீசோல்.

1930இல் ஹவானாவின் டான் அஸ்பியாசு குழு நியூயார்க்கில் ஒரு பாட்டைப் பதிவு செய்தது. தெருவில் வேர்க்கடலை விற்கிறவனின் கூவல்தான் அதன் மெட்டு. 'எல் மனிசேரோ' அமெரிக்காவைப் பிடித்து ஆட்டியது. ஆம்ஸ்ட்ராங் உடனே தன் பாணியில் ஒன்றைப் பதிவு செய்தார். இசைத்தட்டு கப்பலேறி ஆப்பிரிக்காவுக்கும் போனது. காங்கோ நதிக்கரை இளைஞர்கள் கேட்டுவிட்டு, இது நம்முடையது மாதிரி இருக்கிறதே என்று கிதாரை எடுத்தார்கள். காங்கோ ரும்பா என்று ஓர் இசை பிறந்தது. அடிமைக் கப்பலில் போன தாளம், கடலை விற்பவன் பாட்டாகத் திரும்பிவந்திருந்தது.

இனி மரியோ பவுசா. ஹவானா சிம்பொனிக் குழுவில் கிளாரினெட் வாசித்த பையன். 1930இல் நியூயார்க்கில் குடியேறினார். டிரம்பெட்டைக் கற்றுக்கொண்டு சிக் வெப் குழுவின் இசை இயக்குநர் வரை உயர்ந்தார். பிறகு கேப் காலவே குழு. அங்கே தன் பக்கத்து நாற்காலிக்கு ஓர் இளைஞனைச் சிபாரிசு செய்தார். அந்த இளைஞன் டிஸ்ஸி கில்லெஸ்பி. இருவரும் மணிக்கணக்கில் பேசிக்கொண்ட ஒரே விஷயம்: கியூபத் தாளத்தையும் ஜாஸ் ஸ்வரக்கட்டையும் எப்படி ஒரே அடுப்பில் வைப்பது? பவுசா முதலில் செய்துகாட்டினார். மைத்துனர் மச்சீத்தோவின் பெயரில் 1940இல் அமைந்த குழுவில், 1943இல் 'தாங்கா' என்ற படைப்பு பிறந்தது. கியூபத் தாளத்தில் வளர்ந்த முதல் ஜாஸ் படைப்பு என்று அறிஞர்கள் பலர் சொல்வது இதைத்தான்.

கில்லெஸ்பி சொந்தக் குழு வைத்ததும் பவுசாவிடம் கேட்டது ஒன்றே ஒன்று. கொங்கா மேளம் வாசிக்க ஆள் வேண்டும். பவுசா சானோ போசோவைக் கைகாட்டினார்.

போசோ ஹவானாவின் ஏழைக் குடியிருப்பில் வளர்ந்தவர். இசை நோட்டு படிக்கத் தெரியாது. ஆங்கிலம் தெரியாது. கில்லெஸ்பிக்கு ஸ்பானியம் தெரியாது. இரண்டு பேருக்கும் ஆப்பிரிக்கா தெரியும் என்பதுபோல் போசோ வேடிக்கையாகச் சொல்வாராம். 1947 செப்டம்பரில் கார்னெகி ஹாலில் கில்லெஸ்பியோடு மேடை ஏறினார். ஊர் ஊராகப் பேருந்தில் போகும்போது குழுவினருக்கு ஆளுக்கொரு தாளக்கருவியைக் கொடுத்து, ஒவ்வொருவருக்கும் ஒரு தட்டைச் சொல்லித்தந்து, அத்தனையும் ஒன்றுக்குள் ஒன்று பூட்டிக்கொள்வதை உணரவைத்தார். பேருந்தே ஒரு பள்ளிக்கூடம்.

'மன்தேக்கா' உருவானது இப்படித்தான். போசோ வாயாலேயே பாடிக்காட்டினார்: பாஸ் இப்படிப் போகட்டும், சாக்ஸபோன்கள் இப்படி வரட்டும், டிராம்போன்கள் இப்படி வெட்டட்டும். அடுக்கடுக்காக ஏறுகிற அமைப்பு முழுக்க அவர் தலையில் தயாராக இருந்தது. கில்லெஸ்பிக்கு ஒரு கவலை. இப்படியே சுற்றிக்கொண்டிருந்தால் ஜாஸ் ரசிகனுக்கு எங்கேயாவது இளைப்பாற இடம் வேண்டாமா? நடுவே பதினாறு பார் அளவுக்கு ஜாஸ் பாணியில் ஒரு பகுதியை எழுதிச் சேர்த்தார். கில் ஃபுல்லர் அதையெல்லாம் நோட்டில் கட்டினார். 1947 டிசம்பர் 30 அன்று பதிவானது.

கேட்டுப் பாருங்கள், தையல் தெரியும். கொங்கா நேராக எட்டெட்டாக ஓடுகிறது. நடுப்பகுதி வந்ததும் குழு ஸ்விங்குக்கு மாறி, ஒவ்வொரு தட்டையும் நீளமும் குட்டையுமாகச் சாய்க்கிறது. மறுபடி கொங்கா. இரண்டும் முழுசாகக் கலந்துவிடவில்லை. ஆனால் அந்தப் பதிவு இன்றும் சூடாக இருப்பதற்குக் காரணமே அந்தத் தையல்தான். பிற்காலத்தில் படித்துத் தேர்ந்தவர்கள் நூல் தெரியாமல் தைத்த எத்தனையோ இசைத்தட்டுகளுக்கு இந்தச் சூடு வரவில்லை.

போசோ அதிக நாள் இருக்கவில்லை. 1948 டிசம்பர் தொடக்கத்தில் ஹார்லெமில் ஒரு மதுக்கடையில் சுட்டுக்கொல்லப்பட்டார். கஞ்சா தகராறு. வயது 33. கார்னெகி ஹாலுக்கும் அந்த மதுக்கடைக்கும் நடுவே பதினான்கு மாதங்கள்.

இன்னும் தெற்கே போனால் பிரேசில். 1958இல் ஜோவாவ் ஜில்பர்ட்டோ சம்பா நடன இசையின் மொத்தத் தாளக்கூட்டத்தையும் ஒரே கிதாருக்குள் அடக்கி, காதோடு பேசுகிற குரலில் பாடினார். போசா நோவா. கிதார் கலைஞர் சார்லி பேர்ட் 1961இல் தென் அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் அதைக் கேட்டு மயங்கி, 1962 பிப்ரவரியில் சாக்ஸபோன் கலைஞர் ஸ்டான் கெட்ஸோடு வாஷிங்டனில் ஒரு தேவாலயக் கூடத்தில் 'ஜாஸ் சம்பா'வைப் பதிவு செய்தார். அமெரிக்காவின் பாப் இசைத்தட்டுப் பட்டியலில் அது முதலிடம் பிடித்தது. பிரேசிலில் எல்லோரும் மகிழவில்லை. ஜாஸ் வந்து சம்பாவைக் கெடுக்கிறது என்று கேலி செய்து கார்லோஸ் லீரா ஒரு பாட்டே எழுதினார். அவரே போசா நோவாக்காரர் என்பதுதான் வேடிக்கை. உண்மையைச் சொன்னால், பிற்காலத்தில் போசா நோவாவுக்கு நேர்ந்த கதிக்கு ஜாஸைவிட ஓட்டல் வரவேற்பறைகள்தான் பொறுப்பு.

அர்ஜென்டினாவின் ஆஸ்தோர் பியாசோலா கதை இன்னும் ருசியானது. 1921இல் பிறந்தவர், சிறுவயதின் பெரும்பகுதி நியூயார்க்கில். அப்பா அடகுக்கடையில் ஒரு பந்தோனியானை வாங்கித் தந்தார். துருத்தி வைத்த, ஆர்மோனியத்துக்கு ஒன்றுவிட்ட உறவு போன்ற கருவி. டாங்கோ பாடகர் கார்லோஸ் கார்தெல் படமெடுக்க நியூயார்க் வந்தபோது பையனுக்குப் பேப்பர் போடுகிற சிறுவனாக ஒரு சின்ன வேடம் கிடைத்தது. அடுத்த சுற்றுப்பயணத்துக்கும் கார்தெல் கூப்பிட்டார். சின்னப் பிள்ளை, அனுப்ப மாட்டேன் என்று அப்பா சொல்லிவிட்டார். 1935 ஜூன் 24 அன்று கொலம்பியாவில் நடந்த விமான விபத்தில் கார்தெல் இறந்தார். அப்பாவின் மறுப்பால் உயிரோடு இருந்த பையன், டாங்கோவை வளர்த்த ஊரே திட்டும்படி அதற்குள் மின் கிதாரையும் ஜாஸின் பேச்சையும் கொண்டுவந்தார். அவருடைய 'லிபர்டாங்கோ'வின் அடியில் ஓயாமல் ஓடுவது என்ன? தகிட தகிட தக.

1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவும் கியூபாவும் முறித்துக்கொண்டன. நூற்றாண்டுகளாக வந்துபோன கப்பல்கள் நின்றன. 1977 மே மாதம், ஜிம்மி கார்ட்டர் காலத்தில் கொஞ்சம் கதவு திறந்தபோது 'டாஃப்னி' என்ற உல்லாசக் கப்பல் புறப்பட்டது. கிளம்பிய ஊர், வேறு எங்கே, நியூ ஆர்லியன்ஸ். அதில் கில்லெஸ்பி, கெட்ஸ், முதிய பியானோக் கலைஞர் ஏர்ல் ஹைன்ஸ். ஹவானாவில் ஓர் இளைஞர் தன் பழைய காரில் கில்லெஸ்பியை ஏற்றிக்கொண்டு நாள் முழுக்க ஊரைச் சுற்றிக்காட்டினார். ஓட்டுநர் என்றே கில்லெஸ்பி நினைத்திருந்தார். இரவு மேடையில் அதே ஆள் டிரம்பெட்டோடு வந்து நின்றார். ஆர்தூரோ சாந்தோவால், சூச்சோ வால்தெஸின் 'இராக்கெரே' குழுவின் நட்சத்திரம். சில ஆண்டுகளில் இராக்கெரேவுக்கு அமெரிக்காவின் கிராமி விருது கிடைத்தது. 1980இல் அதே குழுவின் பக்கீத்தோ டி ரிவேராவும், 1990இல் சாந்தோவாலும் நாட்டைவிட்டு வெளியேறினார்கள். இருவரும் கில்லெஸ்பியின் கடைசிக் காலப் பெருங்குழுவில் வாசித்தார்கள்.

இவ்வளவுக்கும் பிறகு இந்த இசைக்குக் கடையில் தனிப் பலகை: லத்தீன் ஜாஸ். ஏதோ அசல் ஜாஸுக்கு வெளியே நிற்கிற விருந்தாளி மாதிரி. 2011இல் கிராமி அமைப்பு தன் விருதுப் பிரிவுகளை 109இலிருந்து 78ஆகக் குறைத்தபோது இந்தப் பிரிவையும் தூக்கியது. கலைஞர்கள் போராடி அடுத்த ஆண்டே மீட்டார்கள். விருது வேண்டும் என்பதற்காகப் பலகையைக் காப்பாற்ற வேண்டியிருந்தது நியாயம்தான். ஆனால் மார்ட்டனின் இடது கையைக் கேட்டவர்களுக்கு அந்தப் பலகையே தப்பு என்று தெரியும்.

இன்று இரவு அரை மணி நேரம் கிடைத்தால் நான்கு பதிவுகளை இந்த வரிசையில் கேளுங்கள். மார்ட்டனின் 'தி கிரேவ்', கில்லெஸ்பியும் போசோவும் சேர்ந்த 'மன்தேக்கா', கரீபியன் பெற்றோருக்குப் பிறந்த சோனி ரோலின்ஸ் 1956இல் பதிவு செய்த 'செயின்ட் தாமஸ்', பியாசோலாவின் 'லிபர்டாங்கோ'. மெட்டை விட்டுவிடுங்கள், தொடையில் விரலால் மூன்று, மூன்று, இரண்டு என்று தட்டிக்கொண்டே கேளுங்கள். எந்தப் பாட்டில் விரல் தானாகப் பொருந்துகிறது, எதில் நழுவுகிறது என்று பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.